பிரகாசம் – தண்ணி கேஸ்

நான் உங்களோடு ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருந்தவரை என் முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘புலவர்’ என்று கூப்பிட்டீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிற வண்டி வந்தால் ஊரே தண்ணி என்று சொல்லும்போது, நான் மட்டும் ஜாப் கார்டில் ‘நீர் குறைகிறது’ என்று எழுதுவேன். இந்தக் கிரீஸ் கைக்கு எதற்குச் செந்தமிழ் என்று உங்களுக்குச் சிரிப்பு. ஒருவன் என் காதுபடவே, “நீர் குறைகிறீரா, நாங்கள் குறையட்டுமா?” என்று கேட்டான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அவனே ஃபோர்மேன்.

இன்னொரு கிண்டலும் தெரியும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே ஆறிப்போன ஒரு ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து, “குனி, மோந்து பார்” என்பேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் நீங்கள் ஒருவருக்கொருவர் ‘குனி, குனி’ என்று என் குரலிலேயே சொல்லி விளையாடினீர்கள். நன்றாகவே செய்தீர்கள், என் இருமலைக்கூட விடவில்லை.

கிண்டலில் எனக்கு வருத்தம் இல்லை. காரணத்தைச் சொல்லாமல் இருந்தது என் தப்பு. சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்த வெட்கம் போகவில்லை, ஆனால் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. இதில் நான் நல்லவனாக வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் பின்பாதி அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் மேஸ்திரி. திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் கார்கள் பலவும் எங்களிடம் வரும். உப்புக் காற்றில் அந்தக் கார்களின் அடிப்பக்கம் எல்லாம் அப்பளம் மாதிரி உதிரும். வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காரை நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஓட்டுகிற டிரைவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். எல்லாம் ஒரே மாதிரி வண்டிகள், நம்பரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? “காதர் வந்துட்டானா?” என்றால் காதர் ஓட்டுகிற கார் வந்துவிட்டதா என்று அர்த்தம். “முனுசாமிக்கு கிளட்ச் போச்சு”, “காதருக்குப் பின்னாடி ஒழுகுது” என்றெல்லாம் சத்தமாகப் பேசிக்கொள்வோம். வெளியாள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றாது.

கார்டிலும் அப்படித்தான் எழுதுவோம். மேலே டிரைவர் பெயர், பக்கத்தில் நோயின் பெயர். பிரேக் கேஸ், கிளட்ச் கேஸ், புகை கேஸ். அன்றைக்கு ரேடியேட்டரில் உங்களைப் போலக் கலர் கலராகக் கூலன்ட் ஊற்றியது கிடையாது, வெறும் தண்ணீர்தான். அது குறைகிற வண்டி என்றால் தண்ணி கேஸ்.

மதுவிலக்கு இருந்த காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் தெருவில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே இரண்டு வார்த்தைதான்.

பிரகாசம் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் டிரைவர். ராயபுரத்துக்காரர், வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில். நாற்பது வயது இருக்கும். ஒல்லியாக, சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வருகிற மனிதர். பெரிய அதிகாரியைக் காலையில் புரசைவாக்கத்து பங்களாவிலிருந்து தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். டிரைவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். வண்டி பக்கத்திலேயே நிற்பார். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்ட வந்தவர் நிற்பதைப் போல நிற்பார், எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு மார்கழி மாதக் காலையில் வந்தார். கையில் அதிகாரி கொடுத்த சீட்டு. திருவொற்றியூர் ஹைரோட்டில் அந்த வாரம் இரண்டு முறை வண்டி கொதித்து நின்றுவிட்டதாம். இரண்டாவது முறை உள்ளே வெளிநாட்டு விருந்தாளி இருந்திருக்கிறார். டிரைவர் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று அதிகாரிக்குச் சந்தேகம். குறை வண்டியிலா, டிரைவரிடமா என்று எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார். மதியம் மீனம்பாக்கத்துக்குப் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் வண்டி திரும்ப வர வேண்டும்.

“எய்த்துல கேட்டுகிறாங்கோ மேஸ்திரி,” என்றார் பிரகாசம். “என் வேல உன் கைலதான் கீது.”

“என்னா பண்ணுது?”

“தண்ணி குடிக்குது. காலைல ஃபுல்லா ஊத்துறேன். எண்ணூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு டின்னு காலி. கீய ஒரு சொட்டு ஒய்வல. எங்கதான் போவுதுன்னே தெர்ல. பின்னாடி வெள்ளப் பொகையா வருது.”

“மார்கழிப் பனியில எல்லா வண்டியும்தான் வெள்ளையா விடும்.”

“பனி போன அப்பாலயும் வருதே.” அவர் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “குனிஞ்சி மோந்து பாரு மேஸ்திரி. தண்ணில பொகை வாசன அடிக்குது. நான் டெய்லி மோந்து பாத்துகினு கீறேன்.”

சுற்றி நாலு மெக்கானிக்குகள் நின்றார்கள். ஒரு டிரைவர் எனக்கு வேலை சொல்லிக்கொடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. “உன் மூக்குல காசிமேட்டு மீன் வாசனையே இன்னும் போகல, நீ மோந்து பாத்து எனக்குச் சொல்றியா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசமும் கொஞ்சம் சிரித்தார். மூடியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

பிறகு நான் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். இல்லை, பார்த்த மாதிரி பார்த்தேன். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடிப்பாகம், எங்கும் ஈரம் இல்லை. ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் கலந்து வெளுத்துப்போகாமல் சுத்தமாக இருந்தது. நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டேன், சமர்த்தாக ஓடியது. இதற்குள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. எங்கள் முதலாளி என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்திருக்கலாம். கால் மணி நேர வேலை. ஓட்டிக்கொண்டு எர்ணாவூர் வரை ஒரு நடை போய், நன்றாகச் சூடேறிய பிறகு பார்த்திருக்கலாம். சூட்டில் மட்டும் வாயைத் திறக்கிற நோய்கள் உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் செய்யவில்லை என்பதற்கு நேரம் இல்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேரம் காரணம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அதே இன்ஜினின் மேல்மூடியை, ஹெட்டை, இறக்கிக் கரி எடுத்துத் திரும்பப் பூட்டியவன் நான். பூட்டி ஐந்நூறு மைல் ஓடிய பிறகு வண்டியைத் திரும்ப வரவழைத்து ஹெட் நட்டுகளை இன்னொரு முறை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடு, கேஸ்கட், எரிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பிரகாசம் சொன்னபடி வந்து நின்றார். அன்றைக்கு எனக்கு வேறு அவசரம், “எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ” என்று அனுப்பிவிட்டேன். அதனால் அந்தக் காலையில் ஹெட்டின் பக்கம் என் கை போகவில்லை. நான் பூட்டிய ஹெட் ஒழுகாது என்று நினைத்தேன் என்று சொன்னால்கூடப் பாதிதான் உண்மை. ஒழுகுகிறதா என்று பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

கார்டை எடுத்து எழுதினேன். ‘பிரகாசம் – தண்ணி கேஸ். இன்ஜினில் குறை இல்லை. டிரைவர் கவனிக்கவும்.’

டிரைவர் அடிக்கடி தண்ணீரைக் கவனித்து ஊற்றட்டும் என்று நான் நினைத்து எழுதியது. பழக்கப்பட்ட கை, யோசிக்காமல் எழுதியது. கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

“இன்னா எய்திகிற?” என்று கேட்டார்.

“உனக்கு ஒண்ணும் ஆகாது, போ.”

அவர் அந்தக் கவரை மடங்காமல், வண்டிக்குள் ஒட்டியிருந்த மாதா படத்துக்குக் கீழே செருகிவைத்துக்கொண்டு புறப்பட்டார். பின்னால் வெள்ளைப் புகை வந்தது. மணி பதினொன்றரை, பனி எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

நாற்பது நாள் இருக்கும். அதே காரை லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் கொதித்து நின்றுவிட்டதாம். ஓட்டி வந்தவன் புது ஆள், சின்ன வயசு. நான் அவனிடம் பேசக்கூட இல்லை, நேராக பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று பிளக்குகள் கறுப்பு. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கடையில் வாங்கியதுபோல வெளுப்பு. ஹெட்டை இறக்கினோம். மற்ற பிஸ்டன்களின் தலையில் அடுப்புக்கரி மாதிரி அப்பிக் கிடக்க, மூன்றாவதன் தலை மட்டும் புளி போட்டுத் தேய்த்த சொம்பாகப் பளபளத்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் கழுவியிருக்கிறது. கேஸ்கட்டில் சிலிண்டருக்கும் தண்ணீர் போகிற ஓட்டைக்கும் நடுவே ஓர் அரிசி நீளத்துக்கு எரிந்து போயிருந்தது.

அவ்வளவுதான். அத்தனை நாளும் பிரகாசம் ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்த அரிசி நீள வழியாகப் போய் எரிந்து, பின்னால் புகையாக வெளியே போயிருக்கிறது. அதே வழியாக சிலிண்டரின் புகை தண்ணீரில் ஏறியதைத்தான் அவர் தினமும் மோந்து பார்த்திருக்கிறார்.

“பிரகாசம் எங்க?” என்று புது டிரைவரைக் கேட்டேன்.

“அவுரா? அவரத்தான் வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களே.”

“ஏன்?”

“இன்னா மேஸ்திரி, ஒண்ணியும் தெரியாத மேரி கேக்குற? தண்ணி கேஸுன்னு நீதான எய்திக் குட்த?”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது கையில் இருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அந்தத் தொழிற்சாலையின் எல்லாக் கார்களும் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. “வார்த்தையில வந்த குழப்பத்தை எழுதிக் குடு. அந்த ஆளு குடிகாரன் இல்லைன்னு எழுது. ஹெட்டைப் பத்தி, நட்டைப் பத்தி எதுவும் எழுதாதே. கேஸ்கட் இப்பத்தான் எரிஞ்சிருக்கும், யாருக்குத் தெரியும்?” என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ‘டிரைவர் பிரகாசத்துக்குக் குடிப்பழக்கம் இல்லை, கார்டில் எழுதியது வேறு பொருளில்’ என்று நாலு வரி எழுதி, ஒர்க்‌ஷாப் முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு பஸ் ஏறினேன்.

அந்த அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் கார்டை ஆபீஸ் குமாஸ்தா படித்து இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா ஃபைலைத் திறந்து என் கையெழுத்தை எனக்கே காட்டினார்.

“வண்டியில குறையா, டிரைவர்கிட்ட குறையான்னு சார் கேட்டிருந்தார். நீங்க இன்ஜின்ல குறை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பிரகாசம் தண்ணி கேஸ்னு எழுதியிருக்கீங்க. டிரைவர் கவனிக்கவும்னும் எழுதியிருக்கீங்க, அவரைக் கவனிங்கன்னு. இதுக்கு வேற என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் சொன்ன அர்த்தம்தான் சரியான அர்த்தம் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் எனக்கே தோன்றியது.

அதிகாரி என் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிரகாசத்தைப் போலீசிடம் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியதே தான் செய்த பெரிய தயவு என்றார். இப்போது அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை. கடிதத்தை வேண்டுமானால் அந்த ஆளிடமே கொடுங்கள், வேறு எங்காவது உதவும் என்று திருப்பித் தந்துவிட்டார். அன்றைக்கு வண்டியில் என்ன குறை இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிக்காகத்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது.

பிரகாசத்தைக் காசிமேட்டில் கண்டுபிடித்தேன். மீன் கூடைகளுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. கையில் மரச் சம்மட்டி. சட்டையின் கழுத்துப் பொத்தான் இப்போதும் போட்டிருந்தது. கடிதத்தைக் கொடுத்து, வார்த்தையால் வந்த வினை என்று விளக்கினேன். கேஸ்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“சரி மேஸ்திரி. நாலு எடத்துல காட்றேன்,” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். கடிதத்தை நீட்டினார்.

“இது வாணாம் மேஸ்திரி.”

“ஏன்? என்ன சொன்னாங்க?”

“மூணு கம்பெனில காட்னேன். படிச்சிட்டு என்ன மேலயும் கீயயும் பாக்குறானுங்கோ. குடிக்க மாட்டேன்னு எவனாவது எய்தி வாங்கினு சுத்துவானான்றான் ஒர்த்தன். காட்டாம இர்ந்தாகூட வேல குட்த்துருப்பான் போல.” கடிதத்தை என் கையில் வைத்தார். “வேல வுடு. நீ வூட்டுக்கு ஒரு தபா வா. செசிலி கைல சொல்லு. அது போதும்.”

செசிலி அவருடைய மனைவி. அந்த அம்மாவின் தகப்பனார் கள்ளச்சாராயம் குடித்துக் கண் போய், பிறகு உயிரும் போனவர். குடிக்காதவன் என்ற ஒரே காரணத்துக்காக பிரகாசத்துக்குக் கழுத்தை நீட்டியவர். இது எல்லாம் அவர் அன்றைக்கு வாசலில் நின்று சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கார்டில் மூன்று வரி எழுதினேன். முதல் வரியை அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அதைத் திருத்தக் கடிதம் எழுதினேன், எண்ணூருக்குப் போனேன், காசிமேட்டுக்கு அலைந்தேன். இரண்டாவது வரியை, ‘இன்ஜினில் குறை இல்லை’ என்பதை, சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். அதுதான் பொய். முதல் வரியை எப்படி எழுதியிருந்தாலும், இரண்டாவது வரி அங்கே இருந்தவரை பிரகாசத்தின் வேலை போயிருக்கும், தண்ணீர் ஊற்றாத டிரைவர் என்று. உங்கள் புலவராக நான் அப்புறம் எத்தனை வருஷம் நீர், நீர் என்று எழுதினாலும் மாற்றிக்கொண்டது சுலபமான வரியைத்தான்.

பழைய சாமான் பெட்டியைக் கிளறி அந்த எரிந்த கேஸ்கட்டைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அதை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல முடிவு எதையும் எதிர்பார்க்காதீர்கள். பிரகாசம் அதற்குப் பிறகு கார் ஓட்டவே இல்லை. ஐஸ் உடைத்தே காலத்தை ஓட்டினார்.

ஒரே அறை வீடு. கோயிலுக்குப் போய்வந்த வெள்ளை உடையோடு இருவரும் இருந்தார்கள். அறை மூலையில் ஒரு நீலத் தகர டின் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. செசிலியம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் காகிதத்தைப் பிரித்து கேஸ்கட்டை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, எரிந்த இடத்தைக் காட்டினேன். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இந்த ஓட்டையாண்ணா?”

“ஆமாம்மா. அவர் ஊத்தின தண்ணி அவ்வளவும் இது வழியா உள்ள போய் எரிஞ்சிருக்கு. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.”

“நான் நாலு மணிக்கு எய்ந்து கொயாயடில நின்னு புடிச்ச தண்ணி,” என்றார் செசிலியம்மா. “வண்டிக்கு உப்புத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு டெய்லி ஒரு டின்னு சைக்கிள்ல கட்டினு போவாரு. வூட்ல கொயந்தைங்க குளிக்கத் தண்ணி இல்ல, ஊரான் காருக்குப் பன்னீரான்னு சண்ட போடுவேன். அப்பால வேல போச்சா, ஆபீஸ்ல தண்ணி கேஸுன்னு சொன்னாங்களா. அந்த டின்ல தண்ணியத்தான் எட்துனு போனாரா, இல்ல எவனுக்குனா சாராயம் எட்துனு போனாரான்னு தோணிடிச்சிண்ணா எனக்கு.”

பிரகாசம் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிலேர்ந்து சாய்ங்காலம் வூட்டுக்கு வந்தா வாய மோந்து பாப்பேன். தூங்கினு கீறப்பகூட எய்ந்து மோந்து பாப்பேன். அவுரு ஒரு வார்த்த ஏன்னு கேக்க மாட்டாரு. வந்ததும் அவரே கிட்ட வந்து வாயத் தொறந்துகினு நிப்பாரு.” அந்த அம்மா கேஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் சொன்னேன். முறுக்காமல் விட்ட நட்டுகளைச் சொன்னேன். கேஸ்கட் இப்போது எரிந்ததில்லை, அவர் மார்கழியில் கொண்டுவந்து நிறுத்தியபோதே எரிந்திருந்தது என்று சொன்னேன். அது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நான் திறந்து பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

பிரகாசம் எழுந்து வந்து மனைவியின் மடியிலிருந்து கேஸ்கட்டை எடுத்தார். அந்த எரிந்த இடத்தில் விரல் நுனியை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“வுடு செசிலி,” என்றார். “நீ மோந்தாவது பாத்த.”

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. ஐஸ் வேலையில் வெடித்துப்போன கையை, ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

“இப்டி தொறந்து வெச்சினு நின்னேனே மேஸ்திரி. நீ குனியக்கூட இல்ல.”